மைசூர், ஊட்டி ஸ்கூல் டூருக்கு மகளை அனுப்புமுன் பள்ளியில் எதைக் கேட்க வேண்டும்?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் மைசூர், ஊட்டி டூர். வியாழக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பி, வெள்ளி முழுக்க மைசூர், அன்றிரவு அங்கேயே தங்கல், சனிக்கிழமை காலை பந்திப்பூர் வழியாக ஊட்டி, அன்றிரவே கிளம்பி ஞாயிறு விடியும்போது வீடு. இரண்டு பஸ், 90 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள். கையெழுத்துக்கு வந்த தாளில் 'எதிர்பாராத அசம்பாவிதங்களுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி. அப்பா வேண்டாம் என்கிறார், மகள் அழுகிறாள், அனுப்பலாமா? கேள்வி இவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், டூர் ஆபத்தானதா என்பது உங்கள் சந்தேகமாகத் தெரியவில்லை. இந்தப் பள்ளி இதை ஒழுங்காகச் செய்யுமா என்று வெளியே நிற்கிற பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது, துருவிக் கேட்டால் மகளை ஒரு மாதிரி நடத்துவார்களோ என்பதுதான் உங்கள் கவலை. அந்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பள்ளியிலும் டூர் என்றால் 'பி.டி. சார் கூட வரட்டும்' என்பார்கள். அப்படி வருஷா வருஷம் பிள்ளைகளோடு போனவன், முதலுதவிப் பயிற்சி எடுத்தவன், கொடுத்தவன். வக்கீல் இல்லை, டாக்டர் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. பள்ளிச் சுற்றுலாக்களில் பிள்ளைகள் இறந்த சம்பவங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பாம்பு, யானை, கடத்தல் என்று நாம் வீட்டில் உட்கார்ந்து பயப்படுகிற எதுவும் முன்னால் வருவதில்லை. தண்ணீரும் சாலையும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு மூழ்கி 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் போனார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். இரண்டிலும் படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் நம் கரூர் மாவட்டம் மாயனூரில், கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிச் சிறுமிகள் நால்வர் காவிரியில் மூழ்கினார்கள். 2024 டிசம்பரில் முருடேஸ்வர் கடற்கரையில் கோலார் மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் நால்வர். சாலைக்கு, 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளி டூர் பஸ், இரவில் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள்.

இவற்றில் நான் கவனித்த ஒன்று உண்டு. இது என் கருத்து, ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் இருக்கிற இடங்களில் ஆபத்து குறைவு. அரண்மனைக்குள்ளேயோ மிருகக்காட்சி சாலையிலேயோ பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நிரலில் எழுதாத நேரங்களில்தான் நடக்கிறது. 'வழியில்தானே ஆறு இருக்கு, ஒரு பத்து நிமிஷம் காலை நனைச்சிட்டுப் போகட்டும்', 'லேட்டாயிடுச்சு, கொஞ்சம் வேகமா போங்க டிரைவர்', 'இன்னும் நாலு பேர்தானே, அதே போட்டில் ஏத்திக்கோ'. இந்த மூன்று வாக்கியங்களும் வாய்க்கு வராதபடி டூரைப் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் நிரலுக்கே வருகிறேன். மூன்று இரவுகளில் இரண்டு இரவு பஸ்ஸில். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். ரூம் வாடகை மிச்சம், பகல் மிச்சம் என்று பள்ளிகள் இப்படிப் போடுகின்றன. மனித உடம்புக்குத் தூக்கம் மிக அழுத்துகிற நேரம் இரவு 2 மணியிலிருந்து விடியற்காலை வரை. எத்தனை வருஷ அனுபவமுள்ள டிரைவரானாலும் அதற்கு விலக்கில்லை. கேரளத்தில் பள்ளிச் சுற்றுலா வண்டிகள் இரவு 9 முதல் காலை 6 வரை ஓடக்கூடாது என்று கல்வித்துறை உத்தரவே இருந்தது. வடக்கஞ்சேரி பஸ் அதை மீறித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மோதும்போது வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர் என்று ஜி.பி.எஸ். பதிவில் தெரிந்தது. டிரைவர் அன்றைக்குத்தான் வேளாங்கண்ணி டிரிப் முடித்து வந்திருந்தார், களைத்துப் போயிருந்தார் என்று பெற்றோர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஆகவே பள்ளியில் 'டிரைவர் நல்லவரா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். 'இந்த டிரைவர் புதன்கிழமை எந்த ஊர் டிரிப்பில் இருக்கிறார்?' என்று கேளுங்கள். 'ஒரு பஸ்ஸுக்கு எத்தனை டிரைவர்? மைசூரில் அவர்கள் எங்கே படுப்பார்கள்?' என்று கேளுங்கள். பெரும்பாலான டூர்களில் பிள்ளைகளுக்கு ரூம், ஆசிரியர்களுக்கு ரூம், டிரைவருக்கு பஸ்ஸின் பின் சீட்டும் கொசுக்கடியும்தான். மறுநாள் 36 மணி நேரத்துக்கும் மேலாகச் சரியாகத் தூங்காத மனிதரிடம் நம் பிள்ளைகளைக் கொடுத்து மலையேறச் சொல்கிறோம். டிரைவருக்கு ஒரு கட்டில் போடுவது டூர் செலவிலேயே மிக மலிவான பாதுகாப்பு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இடையில் அரை மணி ஓய்வு என்று சொல்கிறது. நீண்ட தூர வண்டிகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் உங்கள் நிரலில் ஒற்றை டிரைவர் என்றால் எந்தத் தளர்வுக்குள்ளும் அது அடங்காது.

இன்னொன்று. இரவு 10 மணிக்கு ஈரோட்டில் கிளம்பினால் எந்த வழியாக மைசூர் போவார்கள்? சத்தியமங்கலம், திம்பம் வழிதான் நேர் வழி. ஆனால் பண்ணாரிக்கு மேலே புலிகள் காப்பகத்தில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. ஆம்புலன்ஸ் போன்ற சில வண்டிகளுக்குத்தான் விலக்கு. அப்படியானால் பஸ் பெரும்பாலும் சேலம், ஓசூர், பெங்களூரு என்று சுற்றிப் போக வேண்டும். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பள்ளி யோசித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 'டிராவல்ஸ்காரர் பார்த்துப்பார்' என்று பதில் வந்தால் அதுவே ஒரு தகவல். 'அப்படியானால் 7 மணிக்கே கிளம்பி 9-க்குள் செக்போஸ்ட்டைப் பிடிச்சிடலாம்' என்று சொன்னால் அது இன்னும் மோசம். 90 பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஒரு பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை. அரை மணி தாமதமாகும், அந்த அரை மணியை கோபிக்கும் சத்திக்கும் நடுவே ஆக்ஸிலரேட்டரில் பிடிப்பார்கள். அதற்கு மேல் 27 கொண்டை ஊசி வளைவு இருட்டில் காத்திருக்கிறது. நான் போடும் நிரலாக இருந்தால் வெள்ளி காலை 5 மணிக்குக் கிளம்பி, பண்ணாரியில் இட்லி, மதியம் மைசூர். ஓர் இடம் குறையும், குறையட்டும். பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வது பஸ்ஸில் பாடிய பாட்டையும் யாருக்கு வாந்தி வந்தது என்பதையும்தான். எத்தனை இடம் பார்த்தோம் என்று கணக்குப் போடுவது பெற்றோர்களும் நோட்டீஸும்தான்.

திரும்பும் வழியிலும் அதே கதை. சனி இரவு ஊட்டியிலிருந்து இறங்குவது என்றால் இருட்டு, மூடுபனி, நாள் முழுக்க ஓட்டிய டிரைவர். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கனமான பஸ்ஸை கியரில் பிடித்து இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். 2023 செப்டம்பரில் குன்னூர் அருகே மரப்பாலத்தில் கடையத்துக்காரர்கள் வந்த சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தது இதே இறக்கத்தில்தான். மலைப்பாதை பழகிய டிரைவரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. சமவெளியில் இருபது வருஷம் ஓட்டியவர் வேறு, குன்னூர் இறக்கம் தெரிந்தவர் வேறு. பகல் 1 மணிக்கு ஊட்டியை விட்டால் வெளிச்சத்திலேயே மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

பஸ் விஷயத்தில் நீங்களே வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வண்டி நம்பரை வாங்கி எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எல்லாம் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். நம்பர் இன்னும் தெரியாது என்று டூருக்கு நான்கு நாள் இருக்கும்போது சொன்னால், கடைசி நேரத்தில் கிடைக்கிற வண்டி வரப்போகிறது என்று பொருள். அவசர வழியை மறைத்துப் பெட்டிகளை அடுக்குவது, பஸ்ஸிலேயே சமையல் சிலிண்டரை ஏற்றிக்கொள்வது, இவை இரண்டும் நம் பக்கம் சர்வ சாதாரணம். 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். சமையல்காரரைக் கூட்டிப்போகிற டூர் என்றால் சிலிண்டர் எதில் வருகிறது என்று கேளுங்கள்.

இனி தண்ணீர். இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. நிரலில் ஆறு இல்லையே என்று நினைப்பீர்கள். மைசூரைச் சுற்றி முழுக்கக் காவிரிதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சங்கமம், நிமிஷாம்பா கோயில் படித்துறை, கிருஷ்ணராஜ சாகர் பக்கத்தில் பலமுரி. தண்ணீர் கணுக்காலளவு பளபளவென்று ஓடும், வெயிலில் வந்த பிள்ளைகள் 'சார் சார்' என்று கெஞ்சும், ஆசிரியர் மனமும் இளகும். ஆற்றின் அடி சமமாக இருக்காது. பாறைக்குப் பக்கத்தில் திடீர்ப் பள்ளம், மணல் அள்ளிய குழி, மேலே அணையில் திறந்துவிட்டால் நிமிஷத்தில் ஏறுகிற தண்ணீர். 2014 ஜூனில் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது, அப்படி லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீர்தான். அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், நீச்சல் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், மூச்சை இழுக்கவே நேரம் போதாது, கத்த எங்கே நேரம்? ஒரு நிமிஷத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். கரையில் நாற்பது பேர் கூச்சலிட்டு விளையாடும்போது அமைதியாகிவிட்ட ஒன்றை ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ஒருத்தி வழுக்கினால் பக்கத்தில் இருப்பவள் கையை நீட்டுவாள், அவளைப் பிடிக்க இன்னொருத்தி. செய்திகளில் ஒரே இடத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று வருவது பல நேரம் இதனால்தான். அதனால் 'ஜாக்கிரதையாக இறக்குவோம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆறு, அருவி, அணைக்கட்டு, கடல் எதிலும் கால் நனைப்பது உட்பட இறக்கமாட்டோம் என்ற பதில்தான் வேண்டும், அதுவும் எழுத்தில். நிர்வாகத்துக்கும் இது நல்லது. பிள்ளைகள் கெஞ்சும்போது அங்கே நிற்கிற இளம் ஆசிரியருக்கு 'பெற்றோருக்கு எழுதிக் கொடுத்துட்டோம்டா' என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

ஊட்டி படகு இல்லம், பைக்காரா இரண்டிலும் படகுச் சவாரி உண்டு. இதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டு, வார் இறுக்கிக் கட்டி, படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் ஏறினால் போகலாம். ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கவேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிட்டால் தண்ணீரில் அது மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். வதோதராவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டே இல்லை. 90 பேருக்கும் ஜாக்கெட் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால் படகைக் கைவிட வேண்டும்.

யாராவது மூழ்கி எடுக்கப்பட்டால் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, நம் ஊரில் இன்றும் செய்கிறார்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. அதில் போகிற ஒவ்வொரு நொடியும் மூளைக்கு நஷ்டம். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி உடனே சி.பி.ஆர். தொடங்க வேண்டும். கூட வருகிற 6 பேரில் ஒருவருக்காவது அந்தப் பயிற்சி உண்டா என்பது நியாயமான கேள்வி. பல பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தலை எண்ணுவதைப் பற்றி ஆசிரியர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எண்ணிக்கை ஏமாற்றும், பெயர் ஏமாற்றாது. '45 இருக்கு, போலாம் ரைட்' என்று கிளம்பிய பஸ்ஸில் அடுத்த பஸ்ஸின் பிள்ளை ஒன்று தோழியோடு உட்கார்ந்திருக்கும், இந்த பஸ்ஸின் பிள்ளை ஒன்று கழிப்பறையில் இருக்கும். கணக்கு சரியாகவே வரும். பெயர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்த பிறகு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அவர் சொல்லும்வரை டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது. இதைவிட முக்கியம், 90 பேருக்கும் 6 ஆசிரியர்கள் பொதுவாகப் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை. இந்தப் பதினைந்து பேர் இந்த டீச்சர் என்று பெயர்ப்பட்டியலோடு பிரித்திருக்க வேண்டும், உங்கள் மகள் யார் பட்டியலில் இருக்கிறாள் என்று உங்களுக்கும் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பதினைந்துக்கு ஒருவர் போதுமா? இங்கே உறுதியாக ஓர் எண்ணைச் சொல்லி அடிக்க முடியாது. இங்கிலாந்தின் கல்வித்துறை 1998-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சின்ன வகுப்புகளுக்கு 6 பேருக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் 10 முதல் 15, பெரிய வகுப்புகளுக்கு 15 முதல் 20 என்று ஒரு தொடக்கக் கணக்கு இருந்தது. அதையும் இடத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தார்கள். மைசூர் அரண்மனைக்கு 15 போதும். பிருந்தாவனத்தில் ராத்திரி இசை நீரூற்று பார்க்கும் கூட்டத்துக்கு எனக்குப் போதாது. இருட்டு, நெரிசல், எல்லோர் கண்ணும் விளக்கின் மேல், வெளியே வரும்போது ஆயிரம் பேர் ஒரே பாலத்தில். பிள்ளை தொலைவதற்கு இந்த டூரிலேயே தோதான இடம் அதுதான். அங்கே மட்டும் இருவர் இருவராகக் கைபிடித்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று நடத்த வேண்டும். பெற்றோர்களில் சிலரைக் கூட அழைத்துக்கொள்ள பள்ளி சம்மதித்தால் நல்லது. அந்தப் பெற்றோர் தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவராக இருந்தால் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பற்றி இரண்டு கருத்து உண்டு. பெயரைப் பெரிதாகப் போட்டால் அறிமுகமில்லாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட வசதியாகிவிடும் என்பார்கள். எனக்கு அந்தப் பக்கமே சாய்வு. பள்ளிப் பெயரும் கூடவரும் ஆசிரியரின் போன் நம்பரும் போதும், கர்நாடகம் என்பதால் 'இந்தப் பிள்ளை வழி தவறிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று கன்னடத்தில் ஒரு வரி. ஜி.பி.எஸ். வாட்ச் கட்டிவிடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் பந்திப்பூர், முதுமலைக் காட்டில் பல இடங்களில் சிக்னலே இருக்காது. வாட்ச் அப்டேட் ஆகவில்லை என்று நீங்கள் பதறி, ஆசிரியருக்கு இருபது போன் போட்டு, அவர் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைவிட உங்கள் இருவர் போன் நம்பரும் மகளுக்கு மனப்பாடமாகத் தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இந்தத் தலைமுறைக்குத் தெரிவதில்லை.

பெண் பிள்ளை என்பதால் தங்கும் இடத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். மாணவிகள் ஒரே தளத்தில், அந்தத் தளத்திலேயே ஆசிரியைகள், டிரைவர், கிளீனர், டூர் ஏஜென்ட் யாருக்கும் அங்கே வேலை இல்லை. ராத்திரி கதவு தட்டினால் டீச்சர் குரல் கேட்டால்தான் திறப்பது. ஏதாவது நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், 'ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்' என்று மூடிவைக்கப் பள்ளிக்கு உரிமை கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவு தகவல் கொடுப்பதைக் கட்டாயமாக்குகிறது, மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. லாட்ஜ் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று போகாத அறையில் அது கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும், வாசனையே இருக்காது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பதும் இதே காரணத்தால்தான் ஆளைக் கொல்கிறது.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாக: ஆஸ்துமா இன்ஹேலர் போன்ற மருந்து பிள்ளையின் கைப்பையில் இருக்க வேண்டும், டிக்கியில் அடியில் கிடக்கும் சூட்கேஸில் இருந்தால் பயனில்லை. வாந்தி மாத்திரை முதற்கொண்டு எதுவும் உங்கள் எழுத்து இல்லாமல் ஆசிரியர் கொடுக்கக்கூடாது. ஒவ்வாமை இருந்தால் எழுதிக் கொடுங்கள். மாதவிடாய் இன்னும் தொடங்காவிட்டாலும் அதற்கான பொருட்களை வைத்தனுப்புங்கள், வயது அதுதான். காலையில் கட்டிய தயிர் சாதத்தை சாயங்காலம் சாப்பிடக் கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில். பஸ்ஸுக்கு நீலகிரி இ-பாஸும் வேண்டும், 2024 மே முதல் அமலில் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துத் தாள். உங்களை மிகவும் பயமுறுத்தியது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். பிள்ளையை டூருக்கு அனுப்பச் சம்மதிப்பது வேறு, பள்ளியின் அலட்சியத்துக்குச் சம்மதிப்பது வேறு. 1995-இல் பஞ்சாபில் ஒரு பள்ளிச் சுற்றுலாவில் 14 பிள்ளைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கிய வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் கூடப்போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளியும் பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. ஆகவே ஒரு வரியை அச்சடித்துவிட்டதால் பராமரிக்கும் கடமை காற்றில் போய்விடாது. உங்கள் தாளின் வாசகம் நீதிமன்றத்தில் எப்படி நிற்கும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'நீர்நிலைகளில் இறக்கக் கூடாது, இரவுப் பயணம் கூடாது என்ற நிபந்தனையுடன் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது.

கேட்டால் மகளைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானதுதான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தனியாகப் போகாதீர்கள். அதே வகுப்பில் இதே கவலையோடு இன்னும் பத்து அம்மாக்கள் இருப்பார்கள், வாட்ஸ்அப் குரூப்பில் யார் முதலில் வாயைத் திறப்பது என்று காத்திருப்பார்கள். நான்கைந்து பேராகத் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 'குறை சொல்ல வரலை சார், டிரைவர் ரூமுக்கு ஆகிற செலவை நாங்க பங்கு போட்டுத் தர்றோம்' என்று ஆரம்பித்தால் பேச்சின் நிறமே மாறும். கூடப்போகிற ஆசிரியர்களில் பலருக்கும் இந்த இரவுப் பயணம் பிடித்திருக்காது, நிர்வாகத்திடம் சொல்லத் தயங்கியிருப்பார்கள். பெற்றோர் கேட்டதாக வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. பேசியும் பலனில்லை, ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108 கர்நாடகத்திலும் அதே எண்தான். மகளுக்கும் எழுதிக் கொடுங்கள்.

மகளிடம் நீண்ட உபதேசம் வேண்டாம், பாதியில் காதை மூடிக்கொள்வாள். நான்கு விஷயம் போதும். தண்ணீரில் டீச்சரே இறங்கினாலும் நீ இறங்காதே. ஜன்னலுக்கு வெளியே கையோ தலையோ போகக்கூடாது. கூட்டத்தில் தனியாகிவிட்டால் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், அவர்கள் வந்து தேடுவார்கள். யாராவது தொட்டதோ பேசியதோ பிடிக்கவில்லை என்றால் அங்கேயே டீச்சரிடம் சொல், வீட்டுக்கு வந்தும் சொல், உன்னைத் திட்டமாட்டோம். கடைசி வாக்கியத்தை அவள் அப்பாவும் சேர்ந்து சொன்னால் நல்லது.

அனுப்பலாமா என்றால்: இரவுப் பயணத்தைப் பகலுக்கு மாற்றினால், தண்ணீரில் இறக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் மகள் யார் பொறுப்பு என்று ஒரு பெயரைச் சொன்னால், அனுப்புங்கள். சந்தோஷமாகப் போய்வரட்டும். நிரல் மாறாது, ஒரே டிரைவர்தான், இரண்டு இரவும் பஸ்ஸில்தான் என்றால் நான் என் பேத்தியை அனுப்பமாட்டேன். அப்போது ஏன் என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், பணமில்லை, ஜாதகம் சரியில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். அனுப்புவதாக இருந்தால், திரும்பும் நேரம் எதுவானாலும் பள்ளி வாசலில் பெற்றோர் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக ஒப்படைக்கச் சொல்லுங்கள். 'எங்க ஸ்டாப்பிலேயே இறங்கிக்கிறேன் சார்' என்று பிள்ளைகள் வழியில் இறங்க அனுமதிக்கக் கூடாது. உங்கள் இருவரைத் தவிர யார் வந்தால் அனுப்பலாம் என்று ஒரு பெயரையும் போன் நம்பரையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.